காட்சிப் பதிவுப் பெட்டியில் கைவைக்குமுன்

வள்ளியூர்க் கடைத்தெருவில் நகைக்கடை, பாத்திரக்கடை, மருந்துக்கடை என எதில் நுழைந்தாலும், மூலையிலிருந்து ஒரு கண்ணாடிக் கண் நம்மை நோக்கிக் கொண்டிருப்பதைக் காண்கிறோம். ஆலய முகப்பிலும் உண்டியல் அருகிலும் அது வந்துவிட்டது. பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் பிழைக்க, முதியோர் இருவர் மட்டுமே வாழும் வீட்டு வாசலிலும் வந்துவிட்டது. கேமராவை எல்லாரும் அறிவர். ஆனால் அது காண்பதையெல்லாம் வாங்கிச் சேர்த்து வைக்கும் பெட்டியை, டி.வி.ஆர். என்று மூன்றெழுத்தில் வழங்கும் காட்சிப் பதிவுப் பெட்டியை, நன்கு அறிந்தவர் சிலரே. கல்லாவுக்குக் கீழேயோ பீரோவின் மேலேயோ தூசி படிந்து கிடக்கும் அப்பெட்டியின் நினைவு நமக்கு வருவது, ஏதேனும் ஓர் அசம்பாவிதம் நேர்ந்த மறுநாள்தான்.

அதன் மென்பொருளை மாற்றித் தருவதாகச் சொல்வோர் இந்நாளில் பலர். பாஸ்வேர்டு மறந்துபோனால் அதை உடைத்துத் தருகிறார்கள். வெளிநாட்டிலிருக்கும் மகன் தன் கைப்பேசியில் வீட்டு வாசலைப் பார்க்க வேண்டுமென்றால் அதற்கும் வழி செய்கிறார்கள். பழைய பெட்டிக்குப் புதிய மென்பொருள் ஏற்றினால் கூடுதல் கேமராவை இணைக்கலாம் என்றும் சொல்கிறார்கள். இவற்றுள் செய்யத் தகுவன உண்டு. செய்யத் தகாதனவும் உண்டு. எது எது என்று பகுத்துணர வேண்டுமானால், அப்பெட்டி உண்மையில் யாது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

அது தோற்றத்தில் பெட்டியே ஆயினும் உள்ளபடி ஒரு சிறு கணினியாகும். அதனுள் இரண்டு இடங்களில் இரண்டு வேறு பொருள்கள் உறைகின்றன. ஹார்டு டிஸ்க் எனும் பெரிய வட்டில் காட்சிகள் சேருகின்றன. தாய்ப்பலகையில் ஒட்டியிருக்கும் விரல்நகம் அளவான ஒரு சில்லிலோ, பெட்டியை இயக்கும் மென்பொருள் இருக்கிறது. பெரும்பாலான பெட்டிகளில் இது லினக்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருளை அடிப்படையாகக் கொண்டது. தொழில்நுட்பர் இதனை ஃபர்ம்வேர் என்பர். நாம் உள்மென்பொருள் என்போம். எந்தக் கேமராவின் படத்தை எவ்வளவு தெளிவாகப் பதிவது, எத்தனை நாள் வைத்திருப்பது, யாருக்குக் காட்டுவது, எப்பொழுது அழிப்பது ஆகிய அனைத்தையும் தீர்மானிப்பது இதுவே.

வட்டில் இடம் எல்லையற்றதன்று. ஒரு கேமரா விநாடிக்கு 2 மெகாபிட் அளவில் படத்தை அனுப்புவதாகக் கொண்டால், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 21 ஜிகாபைட் ஆகும். கேமரா நான்கானால் 86 ஜிகாபைட். ஆகவே ஒரு டெராபைட் வட்டு பதினொரு நாளில் நிறைந்துவிடும். நிறைந்ததும் பெட்டி தானாகவே மிகப் பழைய காட்சியின் மேல் புதிய காட்சியை எழுதத் தொடங்கும். எச்.265 எனப்படும் புதிய சுருக்கமுறை உள்ள பெட்டியாயின், ஏறத்தாழ இதற்கு இருமடங்கு நாள் தாங்கும். இதுவன்றி, "இத்தனை நாளுக்குமேல் வைத்திராதே" என்று பெட்டிக்கு ஆணையிடும் அமைப்பும் பல பெட்டிகளில் உண்டு. வட்டில் இடம் எவ்வளவு இருந்தாலும் அந்நாள் கடந்ததும் காட்சி போய்விடும்.

இந்தச் சிறிய அமைப்பு எத்துணைப் பெரிய காரியம் என்பதை நம் பகுதி மக்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. வள்ளியூருக்குக் கிழக்கே திசையன்விளையைக் கடந்து சென்றால் சாத்தான்குளம். 1986 வரை அதுவும் நம் நெல்லை மாவட்டத்தைச் சேர்ந்ததே. 2020 ஜூன் 19 மாலை, ஊரடங்கு நாளில் அனுமதித்த நேரத்திற்குமேல் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி, அங்கே கைப்பேசிக் கடை நடத்திவந்த ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவல் நிலையத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மறுநாள் கோவில்பட்டிக் கிளைச் சிறையில் அடைக்கப்பட்டனர். 22ஆம் நாள் இரவு மகன் இறந்தார். 23 விடியுமுன் தந்தையும் இறந்தார். நாடே கலங்கியது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாகவே முன்வந்து வழக்கைக் கையிலெடுத்தது. அதன் ஆணைப்படி கோவில்பட்டி நீதித்துறை நடுவர் காவல் நிலையத்திற்கே நேரில் சென்று விசாரித்தார்.

அந்நிலையத்தில் கேமராக்கள் இருந்தன. பதிவுப் பெட்டியும் இருந்தது. அதனுள் ஒரு டெராபைட் வட்டும் இருந்தது. ஆயினும் அந்நாள்களின் காட்சி இல்லை. போதிய இடம் இருந்தும், ஒவ்வொரு நாளின் பதிவும் அன்றன்றே தானாக அழிந்துவிடும்படி பெட்டியின் அமைப்பு வைக்கப்பட்டிருந்ததாகவும், ஜூன் 19 முதலான காட்சிகள் அழிந்துபோயிருந்ததாகவும் நடுவர் தம் அறிக்கையில் எழுதினார். வாசகர்கள் இதனைச் சற்று நின்று நோக்க வேண்டுகிறோம். யாரும் சம்மட்டி கொண்டு பெட்டியை உடைக்கவில்லை; வட்டைத் திருடவில்லை. திரையில் ஓர் எண் இருக்க வேண்டிய இடத்தில் வேறோர் எண் இருந்தது, அவ்வளவே. நாம் மேலே இட்ட கணக்கின்படி பார்த்தால், நான்கு கேமராவுக்குப் பதினொரு நாள் பேசக்கூடிய ஒரு சாட்சி, ஒவ்வொரு நாளும் ஊமையாக்கப்பட்டு வந்தது.

அதே வேளையில் பக்கத்துக் கடையொன்றின் கேமரா தன் வேலையைச் செய்திருந்தது. தந்தையும் மகனும் வாக்குவாதம் செய்து, தரையில் புரண்டு, தாமே காயம் வருவித்துக்கொண்டனர் என்பது காவல்துறை பதிந்த முதல் தகவல் அறிக்கையின் கூற்று. அக்கடைக் கேமராவில் பதிந்து பின்னர் ஊடகங்களில் வெளிவந்த காட்சியில் அப்படியேதும் காணப்படவில்லை. நிலையத்திலேயே பணியிலிருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர் துணிந்து நடுவரிடம் வாக்குமூலம் தந்தார். பின்னர் இது கொலை வழக்காகி, மத்தியப் புலனாய்வுத் துறையிடம் சென்றது. அரசாங்கத்தின் பெட்டி மறந்ததை ஒரு சாதாரணக் கடைக்காரரின் பெட்டி மறவாமல் வைத்திருந்ததென்றால், நம் கடையிலும் வீட்டிலும் கிடக்கும் பெட்டியைக் குறித்து நாம் அக்கறை கொள்ள வேண்டியதன் காரணம் தானே விளங்கும். திருடனைப் பிடிப்பதற்காக மட்டும் அதை வாங்கினோம் என்று எண்ணலாம். நாளை அது யாருக்குச் சாட்சியாகும் என்பதை இன்று எவர் அறிவார்?

அதே ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள், பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாட்டின் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் வாயில்களிலும் தாழ்வாரங்களிலும் அடைப்பறைகளிலும் ஒலியோடு கூடிய கேமரா வேண்டுமென்றது. பதிவை 18 மாதம் காக்க வேண்டும்; அதற்கேற்ற கருவி சந்தையில் கிடைக்காவிடில் கிடைப்பதில் மிகுதியான காலமேனும், எவ்வாறாயினும் ஓராண்டுக்குக் குறையாமல், காக்க வேண்டும் என்று வரையறுத்தது. எண்ணை மாற்றி நினைவை அழிக்கலாம் என்ற நிலைக்கு எதிராக நீதிமன்றமும் ஓர் எண்ணையே எழுதியது எனலாம்.

இனி நம் பெட்டிக்கு வருவோம். மென்பொருளைத் தொடுவதில் மூன்று படிகள் உண்டு. அமைப்புகளை மாற்றுவது முதற்படி. பெட்டியைச் செய்த நிறுவனமே வெளியிடும் புதிய மென்பொருளை ஏற்றுவது இரண்டாவது. யாரோ எங்கோ திருத்திய மென்பொருளை, அல்லது வேறொரு மாதிரிப் பெட்டிக்குரிய மென்பொருளை ஏற்றுவது மூன்றாவது. முதற்படி எளிது, ஆனால் அதன் விளைவைச் சாத்தான்குளத்தில் கண்டோம். இரண்டாவது வேண்டியது. மூன்றாவதில்தான் கருவியே போய்விடும் அபாயம் மிகுதி.

அஃது ஏன் எனில், ஒரே தொழிற்சாலையில் செய்த பெட்டிகள் பல பெயர்களில் விற்கப்படுகின்றன. அதுபோலவே ஒரே பெயரில் விற்கும் பெட்டிக்குள் ஆண்டுக்கு ஆண்டு வெவ்வேறு தாய்ப்பலகை இருக்கிறது. வெளித்தோற்றம் ஒன்றேயாயினும் உள்ளே இருக்கும் செயலி வேறு, கேமரா படத்தை வாங்கும் சில்லு வேறு. ஒன்றுக்குரிய மென்பொருளை மற்றொன்றில் ஏற்றினால், பெட்டி விளக்கெரியும், படம் வராது. சில வேளை விளக்கும் எரியாது. மேனாட்டார் இதனைப் பெட்டி செங்கல்லாகிவிட்டது என்று கேலியாகச் சொல்வதுண்டு. கதவு திறந்து நிற்கத் துணை செய்யும் என்பதைத் தவிர அதனால் பயனில்லை. தாய்ப்பலகையின் பழுதுநீக்கும் முனையில் கம்பி இணைத்துப் பழைய மென்பொருளை மீண்டும் புகுத்தி உயிர்ப்பிக்க வல்லவர்கள் உண்டு. ஆனால் அதற்கு அப்பெட்டிக்கே உரிய பழைய மென்பொருள் கையிலிருக்க வேண்டும். அதை முன்கூட்டியே படியெடுத்து வைப்பவர் நூற்றில் ஒருவரேனும் இருந்தால் வியப்பே.

மின்சாரம் இன்னொன்று. சில்லில் இருக்கும் பழைய மென்பொருளை அழித்துவிட்டுத்தான் புதியது எழுதப்படுகிறது. அந்தச் சில நிமிடங்களில் மின்சாரம் போனால் பாதி எழுதிய மென்பொருளோடு பெட்டி நின்றுவிடும். நிறுவனம் தந்த நல்ல மென்பொருளுக்கும் இதே கதிதான். பணகுடி, ஆரல்வாய்மொழிப் பக்கமெல்லாம் காற்றாலைகள் சுழன்று ஊருக்கு மின்சாரம் அனுப்பினாலும், நம் தெருவில் மின்சாரம் போவது எப்பொழுது என்று யாரும் உறுதி சொல்ல இயலாது. இன்வெர்ட்டர் அல்லது யு.பி.எஸ். இணைப்பிலன்றி இவ்வேலையைத் தொடங்கலாகாது.

பெட்டி பிழைத்தாலும் காட்சி பிழைக்கும் என்பதற்கு உறுதியில்லை. மென்பொருள் மாறியதும் சில பெட்டிகள் பழைய வட்டை அடையாளம் காணாமல், அதனை ஃபார்மட் செய்யச் சொல்லிக் கேட்கும். அவசரத்தில் 'சரி' என்று அழுத்திவிட்டால், அதுவரை சேர்ந்த காட்சிகளின் அட்டவணை அழிந்துவிடும். அட்டவணை அழிந்த அந்நேரமே காட்சிகளும் முற்றாக அழிந்துவிடும் என்பதன்று. அவற்றின்மேல் புதிய காட்சி எழுதப்படும்வரை தடய அறிவியல் கூடத்தார் மீட்க வாய்ப்புண்டு. ஆனால் பெட்டி பதிவதை நிறுத்துவதில்லையே! ஒவ்வொரு மணி நேரமும் பழையதன்மேல் புதியது ஏறிக்கொண்டே போகும். எனவே முக்கியமான காட்சி அழிந்ததாகத் தெரிந்தால், முதலில் செய்ய வேண்டியது பதிவை நிறுத்துவதே.

கடிகாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதைப் பலர் கவனிப்பதில்லை. பெட்டியின் அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும்போது நேரமும் அதனோடு திரும்பிவிடக்கூடும். சீனத்தில் செய்த பெட்டி சீன நேரத்தைக் காட்டினால், அது நம் நேரத்திற்கு இரண்டரை மணி முந்தியது. இரவு பத்தரை மணிக்கு நடந்த திருட்டு, பதிவில் மறுநாள் அதிகாலை ஒரு மணி என்று காட்டும். தாய்ப்பலகையிலுள்ள காசு போன்ற சிறு பேட்டரி தீர்ந்துவிட்டாலோ, மின்சாரம் போய் வரும்போது பல்லாண்டு பின்னோக்கிப் போய்விடும். குற்றமற்ற ஒருவரை அந்த நேரத்தில் அந்த இடத்தில் நிறுத்திக் காட்டவும், குற்றவாளியை அங்கிருந்து அகற்றிக் காட்டவும் இதுவே போதும்.

இவ்வளவு சொல்வதால், மென்பொருளைத் திருத்துவதே தீது என்று நாம் கருதுவதாக யாரும் எண்ண வேண்டா. விலை கொடுத்து வாங்கிய பொருளைத் தன் தேவைக்கேற்பத் திருத்திக்கொள்ள உரிமை வேண்டும் என்னும் வாதத்தில் நியாயம் உண்டு. 1999இல் அமெரிக்காவில் டிவோ என்னும் தொலைக்காட்சிப் பதிவுப் பெட்டி விற்பனைக்கு வந்தது. அதுவும் லினக்ஸில் இயங்கியதே. ஆர்வலர்கள் அதைத் திறந்து பெரிய வட்டு பொருத்தினர். மென்பொருளைத் திருத்திப் புதிய வசதிகளைச் சேர்த்தனர். பின்னர் நிறுவனம், தன் முத்திரை பெறாத மென்பொருளை ஏற்க மறுக்கும்படி பெட்டியை அமைத்துவிட்டது. மென்பொருளின் மூலத்தை எல்லாருக்கும் தருகிறோம், ஆனால் அதைத் திருத்தினால் எம் பெட்டியில் ஓடாது என்பது எப்படி நியாயமாகும் என்று ரிச்சர்டு ஸ்டால்மனும் அவர் தோழர்களும் போராடினர். 2007 ஜூன் 29இல் வெளிவந்த ஜி.பி.எல். உரிமத்தின் மூன்றாம் பதிப்பு, வீட்டுப் பயன்பாட்டுக் கருவிகளில் இத்தகைய பூட்டுக்கு இடம் தராதபடி எழுதப்பட்டது. லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதனை ஏற்காமல் இரண்டாம் பதிப்பிலேயே நின்றுவிட்டார் என்பது தனிக்கதை. பொழுதுபோக்கு நிகழ்ச்சியைப் பதியும் பெட்டியில் நாமும் ஸ்டால்மன் பக்கமே. சாட்சி சொல்லும் பெட்டியிலோ, முத்திரையிட்ட மென்பொருளை மட்டும் ஏற்கும் பூட்டு நமக்குக் காவலாகவும் அமைகிறது. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தல் ஆகாது.

மென்பொருளை மாற்றாமலே விட்டுவிடுவதும் தீங்காகலாம். 2016 அக்டோபர் 21இல் அமெரிக்காவில் டுவிட்டர், நெட்பிளிக்ஸ் முதலிய பெருந்தளங்கள் பல மணி நேரம் எட்டாமற் போயின. இணையத்தின் முகவரி ஏடு போன்ற பணியைச் செய்யும் டைன் என்னும் நிறுவனத்தின்மீது, உலகெங்குமுள்ள சிறு கருவிகள் ஒரே நேரத்தில் மொய்த்ததே காரணம். அக்கருவிகளில் நம்முடையதைப் போன்ற பதிவுப் பெட்டிகளும் கேமராக்களும் ஏராளம். மிராய் என்னும் தீய மென்பொருள், தொழிற்சாலையில் இட்ட பயனர்பெயர், பாஸ்வேர்டு ஆகியவற்றில் ஏறத்தாழ அறுபது இணைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்தது; திறந்தவற்றில் புகுந்தது. சில பெட்டிகளில் அந்தப் பாஸ்வேர்டு உள்மென்பொருளிலேயே பதிந்திருந்தமையால், உடைமையாளர் விரும்பினாலும் மாற்ற இயலவில்லை. அத்தகைய பெட்டிக்கு நிறுவனம் தரும் புதிய மென்பொருளே மருந்து. நம் நாட்டிலும் 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். இணைய மோடம்கள் பல இவ்வாறே தாக்குண்டன. தொழிற்சாலைப் பாஸ்வேர்டை மாற்றுமாறு அந்நிறுவனம் வாடிக்கையாளரை வேண்டிக்கொண்டது.

நமக்கு அண்மையிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பணிக்குரிய கணினியொன்றில் தீய மென்பொருள் புகுந்ததை, அவ்வாண்டு அக்டோபர் 30இல் அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் அமைப்பு இணையத்தோடு தொடர்பின்றித் தனியே வைக்கப்பட்டிருந்தமையால் அதற்கு ஊறு நேரவில்லை என்றும் விளக்கியது. நம் வீட்டுப் பெட்டியை வெளிநாட்டு மகன் பார்ப்பதற்காக ரௌட்டரில் வழி திறந்துவிடும்போது, உலகத்தார் அனைவரும் தட்டிப் பார்க்கக்கூடிய ஒரு கதவைத் திறக்கிறோம் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். அதிலும் யாரோ திருத்திய மென்பொருளானால், அதனுள் இன்னொரு சாவி யாரிடம் இருக்கிறதென்று சொல்வதற்கில்லை. படுக்கையறை வாசலையும் பள்ளி விட்டு வரும் பெண்பிள்ளையையும் காணும் கேமரா அது. மத்திய அரசும் 2024 ஏப்ரலில் ஆணை பிறப்பித்து, சி.சி.டி.வி. கேமராக்களின் உள்மென்பொருள் முதலியவை பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டுமெனக் கட்டாயமாக்கியது. 2025 ஏப்ரல் முதல் அது நடைமுறைக்கு வந்தது.

சட்டத்தின் பார்வையும் நாளுக்கு நாள் நுணுக்கமாகிவருகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, இத்தகைய பதிவின் படியை நீதிமன்றத்தில் தர ஒரு சான்றிதழ் வேண்டும். கருவியின் தயாரிப்பு, மாதிரி, வரிசை எண் முதலியவற்றை அதில் எழுத வேண்டும். கருவி முறையாக இயங்கிவந்தது என்றும் உறுதி கூற வேண்டும். கோப்பின் ஹாஷ் எண்ணையும், அதாவது ஓரெழுத்து மாறினாலும் தானும் மாறிவிடும் கைரேகை போன்ற எண்ணையும், குறிக்க வேண்டும். கருவியின் பொறுப்பாளரும் நிபுணர் ஒருவரும் அதில் கையொப்பமிட வேண்டும். திருத்திய மென்பொருள் ஏறிய பெட்டியைப் பற்றி, "முறையாக இயங்கிவந்தது" என்று நம் வாசகர் ஒருவர் கையொப்பமிட நேர்ந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் தொடுக்கும் கேள்வி எதுவாக இருக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ?

ஆதலால் பாஸ்வேர்டு மறந்துபோனவர், மென்பொருளை மாற்றித் தருகிறேன் என்பவரிடம் செல்லுமுன், விற்ற கடை வழியாக நிறுவனத்தை நாட வேண்டும். வரிசை எண்ணையும் வாங்கிய ரசீதையும் கேட்டு மீட்டுத் தரும் வழி பெரும்பாலான நிறுவனங்களிடம் உண்டு. புதிய மென்பொருள் ஏற்ற வேண்டியிருந்தால் நிறுவனத்தின் தளத்திலிருந்து, பெட்டியின் அடியில் ஒட்டியுள்ள மாதிரி எண்ணோடு எழுத்துக்கு எழுத்து ஒத்ததை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். தேவையான காட்சிகளை முன்னதாகப் பென்டிரைவில் படியெடுத்துவிடுங்கள். இயலுமானால் வட்டைக் கழற்றி வைத்துவிட்டே மென்பொருளை ஏற்றச் செய்யலாம். வட்டில்லாமலும் அவ்வேலை நடக்கும். வேலை முடிந்ததும் திரையில் நேரடிப் படம் தெரிகிறது என்பதோடு மனநிறைவு கொண்டு வந்தவரை அனுப்பிவிடுகிறோம். நேரடிப் படம் தெரிவது வேறு, பதிவாவது வேறு. மேலெழுதும் அமைப்பு, எத்தனை நாள் வைப்பது என்ற அமைப்பு, தேதி, நேரம், பாஸ்வேர்டு ஆகியவற்றை அவர் முன்னிலையிலேயே பார்த்து, ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். பாஸ்வேர்டை மட்டும் வேறிடத்தில். மறுநாள் காலையில் முந்தைய இரவு இரண்டு மணிக் காட்சியை ஓட்டிப் பாருங்கள். ஒரு வாரம் கழித்து, அதே இரவுக் காட்சி இன்னும் இருக்கிறதா என்று மறுபடியும் ஒருமுறை பாருங்கள்.